பணியில் அடிபட்ட காவலாளி இழப்பீடு கேட்பது எப்படி?

"2.15 – பின்புறப் படிக்கட்டு ரோந்து. எல்லாம் சரி."

ஒரு காவலாளியின் பதிவேட்டில் நான் படித்த வரி இது. அதே 2.15 மணிக்கு, அதே படிக்கட்டில், விளக்கு எரியாத திருப்பத்தில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இடது கையால் எழுதியதால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விடியும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஷிப்ட் ஆள் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "தினமும் அப்படித்தான் எழுதுவேன், கை அதையே எழுதிவிட்டது" என்றார். சில மாதங்கள் கழித்து அவர் இழப்பீடு கேட்டபோது, நிறுவனம் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துப் பதில் அனுப்பியது: அன்றிரவு எந்தச் சம்பவமும் நடக்கவில்லை என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

வந்தவர் பெயர், வண்டி எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று எல்லோருடைய நடமாட்டத்தையும் எழுதிவைப்பவர், தனக்கு நேர்ந்ததை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார். இழப்பீட்டு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துவரும் எனக்கு, இந்த ஒரு பழக்கம் கெடுத்த வழக்குகளைப் போல வேறெதுவும் மனத்தை வருத்தியதில்லை. செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தொகையும் கெடுவும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும். செய்ய வேண்டியவற்றின் வரிசை அநேகமாக எங்கும் ஒன்றுதான்.

தவறு யாருடையது என்ற கேள்வி இல்லை

முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "நான்தான் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன், எந்த முகத்தோடு பணம் கேட்பது?" என்று தயங்கியே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை.

ஒரு காலத்தில் முதலாளியின் தவறால்தான் அடிபட்டது என்று நீதிமன்றத்தில் தொழிலாளி நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானோரால் அது முடியாது. ஜெர்மனியில் 1884-இல் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், பிரிட்டனில் 1897-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அந்த நிலையை மாற்றின. காயம் வேலையின் காரணமாகவும், வேலை நேரத்திலும் ஏற்பட்டதா என்பதே கேள்வியாயிற்று. பிரிட்டிஷ் சட்டத்தின் அந்தச் சொற்றொடரே 1923-இல் இந்தியச் சட்டத்துக்கும் 1934-இல் இலங்கைச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. தவறை நிரூபிக்கும் சுமை தொழிலாளிக்குக் குறைந்தது. அதற்கு ஈடாக, கிடைக்கும் தொகைக்குச் சட்டம் ஓர் அளவு வைத்தது.

விதிவிலக்குகள் உண்டு. மது அல்லது போதையில் இருந்தபோது நேர்ந்த காயம், தானே வேண்டுமென்று ஏற்படுத்திக்கொண்ட காயம், பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறியதால் வந்த காயம் ஆகியவற்றுக்குப் பல சட்டங்கள் இழப்பீட்டை மறுக்கின்றன. சாதாரணக் கவனக்குறைவு அந்தக் கணக்கில் வராது.

வழுக்கி விழுவது மட்டுமே காயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். உள்ளே விடாததால் ஆத்திரப்பட்டவர் அடித்தது, வாசலில் பின்னோக்கி வந்த லாரி இடித்தது, தண்டவாளத்திலிருந்து கழன்ற இரும்புக் கதவு காலில் விழுந்தது, நாய் கடித்தது, வெயிலில் நின்று மயங்கியது, மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தது ஆகியவையும் பணிக்காயங்களே. கொள்ளையர் கத்தியைக் காட்டி மிரட்டிய பிறகு உறக்கமே வராமல் தவிப்பதும் பல நாடுகளில் இழப்பீட்டுக்கு உரியது. ஆனால் மனக்காயத்துக்கு மருத்துவச் சான்று கூடுதலாகக் கேட்பார்கள். வருடக்கணக்கில் நின்றே வேலை பார்த்ததால் வரும் கால், முதுகு உபாதைகள்தான் ஏற்றுக்கொள்ளவைக்கக் கடினமானவை. வேலைதான் காரணம் என்று மருத்துவர் எழுதித் தராமல் அவை நகராது.

அடிபட்ட அந்த நேரத்தில்

உயிர்தான் முதல். ரத்தம் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், மூச்சுத் திணறினாலும் வாசலை விட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். "போஸ்டை விட்டு நகர்ந்தால் சம்பளம் பிடிப்பார்கள்" என்ற பயம் எனக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "அடிபட்டிருக்கிறது, மருத்துவமனைக்குப் போகிறேன், மாற்று ஆளை அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். கையோடு அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். அழைப்பு நினைவில்தான் இருக்கும். செய்தியோ நேரத்தோடு பதிவாகிவிடும்.

பேனா பிடிக்க முடிந்தால் பதிவேட்டில் எழுதுங்கள். முடியாவிட்டால் அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். நீண்ட கதை வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"இரவு 2.15. பின்புறப் படிக்கட்டு, இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையிலுள்ள திருப்பம். ரோந்தின்போது ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். விளக்கு எரியவில்லை. வலது மணிக்கட்டில் வீக்கம், விரல்களை மடக்க முடியவில்லை. 2.30-க்கு சூப்பர்வைசருக்குப் போனில் தெரிவித்தேன்."

நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, அடிபட்ட உறுப்பு, யாருக்குத் தெரிவித்தீர்கள் ஆகிய ஐந்தும் இதில் இருக்கின்றன. வலியுள்ள எல்லா இடங்களையும் குறிப்பிடுங்கள். மணிக்கட்டு உடைந்த வேதனையில் முழங்கால் வலியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து முழங்காலைக் காட்டினால் அது வேறெங்கோ பட்டது என்பார்கள். எழுதிய பக்கத்தை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு நிறுவனத்தின் சொத்து, நாளை அது உங்கள் கைக்கு வராமல் போகலாம். விழுந்த இடம், ஈரம், எரியாத விளக்கு, கிழிந்த சீருடை ஆகியவற்றையும் படம் எடுங்கள். காலையில் தரையைத் துடைத்துவிடுவார்கள், மதியத்துக்குள் புது பல்பு வந்துவிடும்.

சிசிடிவி உங்களுக்காகக் காத்திருக்காது

பெரும்பாலான சிசிடிவி கருவிகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். கட்டட உரிமையாளரோ நிர்வாகமோதான் அதை வைத்திருக்கும். உங்களை அங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு அதன்மேல் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன கேமரா, இந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருவருக்குமே எழுத்தில் கொடுங்கள், முடிந்தால் மறுநாளே. பதிவை உங்களிடம் தர மறுக்கலாம். ஆனால் எழுதிக் கேட்ட பிறகும் அது அழிந்துபோனால், ஏன் அழிந்தது என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

பார்த்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். துப்புரவுப் பணியாளர், சரக்கு இறக்க வந்த டிரைவர், அடுத்த ஷிப்ட் ஆள், யாராக இருந்தாலும் சரி. விழுந்ததைப் பார்க்காவிட்டாலும், வீங்கிய கையோடு நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவரும் சாட்சிதான்.

மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம்

"கீழே விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வேலையில் இருந்தபோது, ரோந்து போகும்போது, படிக்கட்டில் விழுந்தேன்" என்று சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டில் முதல் நாள் எழுதப்படும் அந்த ஒரு வரியைத்தான் பின்னால் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். "வீட்டில் விழுந்தார்" என்று தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். சில சூப்பர்வைசர்கள் கூடவே வந்து, "வீட்டில் விழுந்ததாகச் சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அந்த வார்த்தைக்கு உடன்படவே வேண்டாம். முதல் வாரச் செலவை அவர்கள் கொடுக்கலாம். எலும்பு கூடாமல் ஆறு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தால், அந்தச் சீட்டு உங்களுக்கு எதிராகவே பேசும்.

சில நாடுகளில் முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ குறிப்பிடும் மருத்துவரிடம்தான் தொடர் சிகிச்சை பெற வேண்டும். அவசர சிகிச்சைக்கு அந்தக் கட்டுப்பாடு பொதுவாகக் கிடையாது. எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு, ரசீது, மருத்துவமனைக்குப் போய்வந்த பயணச் செலவு என எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். மருத்துவ விடுப்புச் சான்றில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கின்றனவா, இடையில் ஒரு நாள்கூட விடுபடவில்லையா என்று பாருங்கள்.

எழுத்தில் அறிவிப்பு: யாருக்கு?

செக்யூரிட்டி வேலையின் பெரிய சிக்கல் இதுதான். சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, வேலை வாங்குவது கட்டட நிர்வாகம். அடிபட்ட பிறகு ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பொதுவாக, உங்களைப் பணியமர்த்திய ஏஜென்சியே முதல் பொறுப்பாளி. ஒப்பந்ததாரரான ஏஜென்சி கைவிட்டால், வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லும் சட்டங்களும் உண்டு. எனவே அறிவிப்பை இருவருக்கும் அனுப்புங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்.

கெடு விஷயத்தில் அலட்சியம் கூடாது. கலிபோர்னியாவில் 30 நாட்களுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2 ஆண்டுகள் தந்தது. வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள்! உங்கள் இடத்துக் கெடு எது என்று முதல் வாரத்திலேயே தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளிக்குத் தெரிவிப்பதற்கு ஒரு கெடு, கோரிக்கையைப் பதிவதற்கு இன்னொரு கெடு என்று இரண்டு இருக்கலாம். "சூப்பர்வைசருக்குத் தெரியுமே" என்பது இரண்டுக்கும் ஈடாகாது.

நியமனக் கடிதம் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். அடையாள அட்டை, பணி அட்டவணை, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, "நாளைக்கு இரவு ஷிப்டுக்கு வந்துவிடுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி, வருகைப் பதிவேட்டின் படம் ஆகியவை எல்லாம் வேலை உறவுக்குச் சான்றுகள். ஓவர்டைம் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்தால் அதையும் சம்பளக் கணக்கில் காட்டுங்கள். சம்பளத்தை அடிப்படையாக வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. எந்தெந்தத் தொகை அதில் சேரும் என்பதை உங்கள் இடத்துச் சட்டம் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விடுப்பில் போனவருக்குப் பதிலாக நிற்க வந்தவரை, அந்த விடுப்புக்காரரின் பெயரிலேயே கையெழுத்துப் போடச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். அன்று உங்களுக்கு அடிபட்டால், காகிதத்தின்படி நீங்கள் அங்கே இல்லவே இல்லை.

"அது உன் வேலையே இல்லையே" என்று சொன்னால்

தண்ணீர் மோட்டாரைப் போடு, நின்றுபோன காரைத் தள்ளு, இந்தப் பெட்டியை மேலே கொண்டுபோய்க் கொடு, லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் வா என்று காவலாளியிடம் வந்து சேரும் வேலைகளுக்குக் கணக்கே இல்லை. அப்போது அடிபட்டால் மட்டும், "காவல்தானே உன் வேலை?" என்று கேட்பார்கள். மேலதிகாரியோ நிர்வாகமோ சொல்லிச் செய்த வேலையும், நிறுவனத்தின் நன்மைக்காக அவசரத்தில் செய்த வேலையும் பணியின் பகுதியே என்று வாதிட வலுவான இடம் உண்டு. அதற்கு, யார் சொன்னார்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும். இத்தகைய வேலை வரும்போதெல்லாம் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "11.40, நிர்வாக அலுவலகத்தின் சொற்படி மோட்டார் அறைக்குச் சென்றேன்." அடிபடாத நாட்களிலும் எழுதுங்கள். இது வழக்கமாக நடப்பதுதான் என்று காட்ட அந்தப் பழைய வரிகளே உதவும்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் விபத்து நேர்ந்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி. மலேசியாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் அதை ஏற்கிறது. பல சட்டங்கள் ஏற்பதில்லை. ஒரு ஷிப்டை முடித்த உங்களை ஏஜென்சியே இன்னோர் இடத்துக்கு அனுப்பும்போது நடுவழியில் நேரும் விபத்து வேறு வகை. அது பெரும்பாலும் பணியில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

என்னென்ன கிடைக்கும்

சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, நிரந்தரமாக ஏதேனும் குறை தங்கிவிட்டால் அதற்கான தொகை அல்லது மாதாந்திரப் பணம், உயிர் போனால் குடும்பத்துக்கான இழப்பீடு ஆகியவையே பொதுவான பிரிவுகள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு 121-ஆம் உடன்படிக்கை, மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ள தொழிலாளியை அளவுகோலாக வைத்து, வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதமும், அவர் இறந்தால் மனைவி பிள்ளைகளுக்கு 50 சதவீதமும் குறைந்தபட்சமாக வகுத்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு என்பது வழக்கம், உச்சவரம்பு ஒன்றும் இருக்கும். முதல் சில நாட்களுக்குப் பணம் தராத சட்டங்களும் உண்டு. வெளிநாட்டில் காவல் வேலை பார்ப்பவர்கள் இதையும் தெரிந்துவைத்திருங்கள்: அதே அமைப்பின் 1925-ஆம் ஆண்டு 19-ஆம் உடன்படிக்கை, அதை ஏற்ற நாடுகள், அதை ஏற்ற மற்ற நாடுகளின் தொழிலாளிகளுக்கும் தம் குடிமக்களுக்குத் தருவதைப் போலவே விபத்து இழப்பீடு தர வேண்டும் என்கிறது.

நிரந்தரக் குறையைச் சதவீதத்தில் அளப்பார்கள். காயம் ஆறி, இனிப் பெரிதாக மாற்றம் வராது என்ற நிலையில்தான் அந்த அளவீடு நடக்க வேண்டும். மாவுக்கட்டுப் பிரித்த மறுவாரமே, "ஒரு தொகை தருகிறோம், இதோடு முடித்துக்கொள்வோம்" என்று வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும், படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளிலும் கையெழுத்து கூடவே கூடாது. பரிசோதனையின்போது "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டார்ச்சை எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது, எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது, 12 மணி நேர ஷிப்டில் எந்த மணியில் கால் மரத்துப்போகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம்.

உங்களை இடித்தது வெளியாள் ஓட்டிய வண்டி என்றால், அந்த வண்டியின் காப்பீட்டிலும் தனியாகக் கோர வழி இருக்கலாம். அடித்துக் காயப்படுத்தினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வழியையும் ஒருசேரத் தொடரலாமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். சில சட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றது அடைபட்டுவிடும்.

வேலைக்குத் திரும்பும்போதும், மறுப்பு வந்தாலும்

"இலகுவான வேலை கொடுங்கள்" என்று பொதுவாக மருத்துவர் எழுதினால் பயனில்லை. "ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, படி ஏறக் கூடாது, நாற்காலி வேண்டும்" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்குவதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. நேரடியாக நீக்காமல், தொலைதூர இடத்துக்கோ இரவு ஷிப்டுக்கோ மாற்றித் தானாகப் போகச் செய்வதும் உண்டு. மாற்றல் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். விபத்துக்கு முன்பும் பின்பும் உங்களுக்குக் கிடைத்த பணி அட்டவணைகளைச் சேர்த்துவையுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் குறியுங்கள், மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அதையொட்டியே ஓடத் தொடங்கும். காரணத்துக்குக் காரணம் பதில் கொடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன காவலாளிக்கும் அப்படித்தான் பதில் எழுதினோம். அவருடைய பதிவேட்டின் முந்தைய பக்கங்களைக் கேட்டு வாங்கினோம். எல்லாப் பக்கங்களிலும் வலது கையால் எழுதிய நேர்த்தியான எழுத்து. அந்த இரவு 2.15 முதல் மட்டும் ஒவ்வொரு வரியும் சரிந்து கிடந்தது. 2.00 மணி வரி நேராக இருந்தது, 2.15 வரி கோணலாக இருந்தது. காலையில் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயையும், அடுத்த ஷிப்ட் ஆளின் வாக்குமூலத்தையும் அதோடு இணைத்தோம். "எல்லாம் சரி" என்று எழுதியது உடைந்த வலது கை அல்ல, இடது கை என்பதை அந்தப் பக்கமே காட்டியது. கோரிக்கை ஏற்கப்பட்டது. நேராக ஐந்து வரி எழுதியிருந்தால் பதினோரு மாத அலைச்சல் இருந்திருக்காது.

கடைசியாக, வீட்டில் இன்றைக்கே செய்து வைக்க வேண்டிய ஒன்று. ஏஜென்சியின் முழுப் பெயர், அலுவலக முகவரி, உங்கள் பணியாளர் எண், காப்பீட்டு எண் இருந்தால் அது, நிற்கும் இடத்தின் முகவரி, சூப்பர்வைசரின் போன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையின் நகலோடு வீட்டாரிடம் கொடுங்கள். காப்பீட்டுப் பதிவில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் பதிந்த பெயரே பலருக்கு இன்னும் மாறாமல் இருக்கிறது. பணியிடம் மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றி எழுதிக் கொடுங்கள்.